ஒரே உடம்பில் புழுவும் காமாலை வைரஸும்

வளைகுடா வேலைக்குக் கிளம்பும் ஆலங்குடிப் பக்கத்துப் பையன்கள் சிலருக்கு, ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி இருப்பது மெடிக்கலில்தான் முதன்முதலாகத் தெரியவருகிறது. கண் மஞ்சளாகவில்லை, பசி குறையவில்லை. கையில் மட்டும் ‘அன்ஃபிட்’ சீட்டு. மலத்தில் புழு உண்டா என்று பார்த்த விவரமும் அந்தப் பரிசோதனையில் இருக்கும். அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே உடம்பில் இருந்தால், தனித்தனி நோய் என்று எண்ணி ஒன்றை மட்டும் கவனிப்பது சரிப்படாது.

கீரமங்கலம், வடகாடு பூக்கொல்லைகளில் விடியுமுன் பூப்பறிக்க இறங்குகிறவர்களில் பலருக்குக் காலில் செருப்பு இருக்காது. ஈர மண்ணில் யாரோ கொல்லைக்குப் போன இடமாக இருந்தால், கண்ணுக்குத் தெரியாத கொக்கிப்புழுக் குஞ்சு விரலிடுக்கில் தோலைத் துளைத்து ஏறிவிடும். சில நாள் அரிப்பு, அத்தோடு மறந்துபோகும். புழுவோ ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் பல்லைப் பதிக்கும். வருடக்கணக்கில் ரத்தம் குடிக்கும். சோர்வு, சோகை என்று டானிக் குடித்துக்கொண்டிருப்பவர்களில் சிலருக்கு உண்மைக் காரணம் இதுதான்.

வைரஸ் புகுந்த ஈரல் செல்லைத் தேடி அழிக்க உடம்பு ஒரு வகை டி செல்களை ஏவுகிறது. புழுவை விரட்ட வேறு வகை டி செல்கள் வேண்டும்; அவற்றின் பின்னால் இயோசினோஃபில் அணுக்கள் திரளும். புழு நாள்பட்டுத் தங்கும்போது எதிர்ப்புச் சக்தி இந்த இரண்டாவது பக்கமே சாய்ந்துவிடுகிறது. போதாததற்கு, தன்னைக் காத்துக்கொள்ளப் புழு எதிர்ப்பையே அடக்கும் செல்களையும் தூண்டிவிடுகிறது. அந்த அடக்கத்தில் வைரஸுக்கும் குளிர்காய இடம் கிடைக்கிறது.

இதன் கொடுமையை அதிகம் அனுபவித்த நாடு எகிப்து. நைல் கரையில் நத்தை வழியாகப் பரவும் ரத்தப்புழுவை ஒழிக்க 1980களின் தொடக்கம் வரை ஊர் ஊராக ஊசி போட்டார்கள். சரியாகக் கொதிக்க வைக்காத ஊசிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதில் ஹெபடைடிஸ் சி பரவியது. புழுவும் வைரஸும் சேர்ந்து இருந்தவர்களுக்கு வைரஸை எதிர்க்கும் டி செல் திறன் குன்றியிருந்ததையும், ஈரல் வேகமாக வடுப்பட்டதையும் அங்கே ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பிற்பாடு அதே நாடு 2018-19இல் ஏறத்தாழ 5 கோடிப் பேரைப் பரிசோதித்து இலவச மாத்திரை கொடுத்தது. அரசு மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. அந்த ரத்தப்புழு நம்மூர்ப் பிரச்சினை அல்ல. கொக்கிப்புழுவும் எதிர்ப்பை அதே பக்கம்தான் திருப்புகிறது என்றாலும், எகிப்தியருக்கு ஆனது நமக்கும் ஆகும் என்று சொல்லிப் பயமுறுத்துவது நியாயமல்ல. ஈரல் நோயாளிக்குச் சோகையும் சேர்ந்தால் ஆள் தளர்ந்துபோவார். புழுவை விட்டுவைக்காமலிருக்க அந்தக் காரணமே போதும்.

ஆகவே ஹெபடைடிஸ் பி அல்லது சி என்று சீட்டு வந்தால், மலப் பரிசோதனையும் இயோசினோஃபில் எண்ணிக்கையும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். அல்பெண்டசோல் மாத்திரையை ஈரலே செரிக்க வேண்டியிருப்பதால், ஈரல் நோய் உள்ளவர்கள் கடையில் தாமாக வாங்கிப் போடக்கூடாது. 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்குக் குடற்புழு நீக்க நாளில் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதைத் தவறவிட வேண்டாம்.

வைரஸுக்கான பரிசோதனையும் மருந்தும் இலவசம். 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் அந்த உரிமையைத் தருகிறது. ஆலங்குடி அரசு மருத்துவமனையில் கேட்டால் மேற்கொண்டு எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஹெபடைடிஸ் சி பெரும்பாலும் 12 வார மாத்திரையில் முழுதாகக் குணமாகும். பி அப்படிப் போகாது. மாத்திரையால் அடக்கி வைக்கலாம், இடையில் தானாக நிறுத்துவது ஆபத்து.

‘மூன்று மாதத்தில் நெகட்டிவ் ஆக்கித் தருகிறேன்’ என்று பச்சிலை விற்பவர்களிடம் பணத்தைக் கொட்டாதீர்கள். கீழாநெல்லியை நம்மவர்கள் சோதிக்காமல் தள்ளிவிடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்த பிளம்பெர்க்குடன் சேர்ந்து, 1988இல் லான்செட் இதழில் நம்பிக்கையூட்டும் முடிவை வெளியிட்டார்கள். பிறகு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிட்டவில்லை.

கர்ப்பிணிகள் ஹெபடைடிஸ் பி சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். தாய்க்கு வைரஸ் இருந்தால், குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட வேண்டும். நாள் கடந்தால் பலன் குறைந்துவிடும்.

வைரஸ் இருப்பதைக் காரணம் காட்டி ஆபரேஷன் செய்ய மறுத்தாலோ, கட்டிலில் பெயருக்கு மேல் எல்லாரும் பார்க்க எழுதி மாட்டினாலோ சும்மா வந்துவிடாதீர்கள். நோயாளியின் ரகசியத்தைக் காப்பது மருத்துவமனையின் கடமை. தேதி, துறை, சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, புதுக்கோட்டை மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநருக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள். தனியார் மருத்துவமனை என்றாலும் மனு அங்கேயே. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளிலும் கொடுக்கலாம், ரசீதை வாங்கிக்கொண்டு.