ராக்கெட் எஞ்சினில் எரிதலின் ஸ்திரத்தன்மை

திரவ எரிபொருளால் இயங்கும் ராக்கெட் எஞ்சினில், எரிபொருளும் அதனை எரிக்க உதவும் திரவமும் நுண்ணிய துளைகளின் வழியே எரியறையுள் பாய்ந்து, கலந்து எரிகின்றன. இவ்வெரிதல் சீராக நடைபெறுதல் இன்றியமையாதது. சீர் குலையுமாயின், புல்லாங்குழலிலுள்ள காற்றைப் போல அறையிலுள்ள வாயு அதிரத் தொடங்கும். வினாடிக்கு ஆயிரம் தடவைக்கு மேலும் நிகழக்கூடிய அவ்வதிர்வினால் அறையின் சுவருக்கு மிகுதியான வெப்பம் பாய்ந்து, உலோகமே உருகிவிடுவதுண்டு.

இதன் காரணத்தை ஆங்கில விஞ்ஞானி ராலே பிரபு 1878-ஆம் ஆண்டிலேயே விளக்கினார். வாயு நெருக்கமுறும் தறுவாயில் வெப்பம் சேர்ந்தால் அதிர்வு வளரும். விரிவுறும் தறுவாயில் சேர்ந்தால் அடங்கும். ஊஞ்சலைத் தக்க சமயத்தில் தள்ளினால் அதன் வீச்சு பெருகுவதைப் போன்றதே இது.

இது ஏட்டளவிலான அபாயமன்று. 1980 மே 23-ஆம் நாள் ஏவப்பட்ட ஐரோப்பாவின் இரண்டாவது ஏரியான் ராக்கெட், அதன் வைகிங் எஞ்சின்களுள் ஒன்றில் இவ்வதிர்வு தோன்றியமையால் அழிந்தது. இந்தியாவின் விகாஸ் எஞ்சின் அந்த வைகிங் எஞ்சினின் வழித்தோன்றலாகும்.

ஓர் எஞ்சின் அமைதியாக எரிகிறது என்பது மட்டும் போதுமான சான்றாகாது. குலைக்கப்பட்டாலும் அது தானே அமைதிக்கு மீள வேண்டும். ஆகவே, 1960-களில் அமெரிக்கர் தம் எஃப்-1 எஞ்சின் எரிந்துகொண்டிருக்கையிலேயே, அறையுள் சிறு வெடிமருந்தை வெடிக்கச் செய்து சோதித்தனர். துளைத்தட்டின் முகத்தில் தடுப்புத் தகடுகள் அமைத்தும், துளைகளைத் திருத்தியும், அதிர்வு பத்தில் ஒரு வினாடிக்குள் அடங்குமாறு செய்தனர்.

இத்தகைய விரைந்த மாறுதலைச் சாதாரண அழுத்தமானி காட்டாது. அது சராசரியை மட்டுமே காட்டும். நொடிக்குப் பல்லாயிரம் தடவை அளவிடவல்ல உணர்கருவிகள் தேவை. இந்திய விண்வெளித் திட்டங்களுக்கு வேண்டிய உணர்கருவிகளை உருவாக்கும் பணி, பெங்களூரிலுள்ள திரவ உந்துவிசை அமைப்புகள் மையத்தின் பிரிவில் நடைபெறுகிறது.

மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தில் இச்சோதனைகள் தனிச் சிறப்புப் பெறுகின்றன. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் 2021 ஜூலை 14 அன்று விகாஸ் எஞ்சின் 240 வினாடி எரிக்கப்பட்டது. 2022 ஜனவரி 20 அன்று, திரவங்களின் கலவை விகிதமும் அறையின் அழுத்தமும் வழக்கமான எல்லையைக் கடக்குமாறு வைத்து, 25 வினாடி எரிக்கப்பட்டது. எல்லை கடந்தும் எஞ்சின் உறுதியாக நிற்கிறதா என்று அறிவதே அதன் நோக்கம்.

ஆசிரியர்கள் இத்தத்துவத்தைப் பள்ளியிலேயே காட்டலாம். இருபுறமும் திறந்த இரும்புக் குழாயின் உள்ளே, கீழிருந்து கால் பங்கு உயரத்தில் கம்பிவலையைப் பொருத்தி, செந்நிறமாகும்வரை சுடவேண்டும். சுடரை அகற்றிக் குழாயைச் செங்குத்தாகப் பிடித்தால் அது உரக்க ஒலிக்கும். படுக்கையாகச் சாய்த்தால், வலையினூடே காற்றோட்டம் நின்று, ஒலியும் அடங்கும். வெப்பமே ஒலியாக மாறுவதை மாணவர் நேரில் உணர்வர். குழாயை இடுக்கியால் பிடித்தல் அவசியம்.