உங்களுக்குத் தெரியுமா? மைனஸ் பவருக்கும் ரிட்டயர்மென்ட் உண்டு!

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் மைனஸ் 2 பவர்காரர் கண்ணாடியைக் கழற்றினால், அரை மீட்டருக்கு அப்பால் எல்லாமே மங்கல்! மைனஸ் 4 என்றால் 25 சென்டிமீட்டர்தான்! திருச்சி பஸ்ஸா, திருநெல்வேலி பஸ்ஸா? கண்டக்டர் தொண்டை கிழியக் கத்துவது எவ்வளவு பெரிய உபகாரம் பாருங்கள்!

பிறந்த குழந்தையின் கண், முன்னிருந்து பின்வரை சுமார் 17 மில்லிமீட்டர் நீளம். பெரியவர்களுக்கு 24. தேவைக்கு மேல் 1 மில்லிமீட்டர் நீண்டால் போதும், பவர் மைனஸ் 2.5-ஐத் தொட்டுவிடும்! ஓர் அரிசியின் தடிமன்கூட இல்லை சாமி!

"வருஷா வருஷம் பவர் ஏறுதே, நிக்கவே நிக்காதா?" நிற்கும்! அமெரிக்காவில் 'காமெட்' என்றொரு ஆய்வு. கிட்டப்பார்வை, அதாவது மைனஸ் பவர் உள்ள பிள்ளைகளை வருடக்கணக்கில் விடாமல் துரத்தி அளந்தார்கள். 15 வயதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு பவர் நின்றுவிட்டது. 18-ல் 77 சதவீதம். 21-ல் 90. 24 வயதில் 96 சதவீதம்!

குளிர்காலத்தில் பவர் வேகமாக ஏறும், கோடையில் மெதுவாக ஏறும்! (மதுரையில் ஏது குளிர்காலம் என்று கேட்காதீர்கள்.)

சிங்கப்பூரில் 6, 7 வயது சீனப் பிள்ளைகளில் 100-க்கு 29 பேருக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் அதே வயதுச் சீனப் பிள்ளைகளில் 3 பேருக்குத்தான்! சிட்னிப் பிள்ளைகள் வாரத்தில் 13 மணி நேரத்துக்கு மேல் வெளியில் திரிந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள்? வெறும் 3 மணி நேரம்!

வெளியில் அப்படி என்ன இருக்கிறது? வெளிச்சம்! வகுப்பறை வெளிச்சம் சில நூறு லக்ஸ். நம்ம ஊர் உச்சிவெயில் 1 லட்சம் லக்ஸ்!

கண்ணாடி போட்டால் பவர் கூடுமாம்! 2002-ல் மலேசியாவில் பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே பவரைக் குறைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்குத்தான் அதிகம் ஏறியது!

40 தாண்டினால் சாளேசரம். ஊரே பேப்பர் படிக்கக் கண்ணாடியைத் தேடும். மைனஸ் 3 ஆசாமி மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிப்பார்!

"தாத்தா கண்ணாடி இல்லாமலே படிக்கிறாரே!" சந்தோஷப்படாதீர்கள். காரணம் கண்புரையாக இருக்கலாம். புரை முற்றும்போது, நின்றுபோன மைனஸை மறுபடி கிளப்பிவிடலாம்!

அந்தப் புரை ஆபரேஷனில் அளவெடுத்து லென்ஸ் வைத்தால், மைனஸ் 10 ஆசாமிக்கும் தூரப்பார்வைக்குக் கண்ணாடி தேவைப்படாமல் போகலாம்! லென்ஸ் எங்கிருந்து? அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப், 1992 முதல் மதுரையிலேயே செய்கிறது. ஆரோலேப் சரக்கு போகும் நாடுகள் 100-க்கும் மேல்!