டிராயிங் டீச்சரின் ஃப்ளாரன்ஸ்

ஒரே ஒரு நாள், ஒரு கிழிந்த புத்தகம், வகுப்பறையில் பதில் கிடைக்காத ஒரு கேள்வி

என் மனைவியின் கைப்பையில் அந்தப் பழைய புத்தகம் இருந்தது. இத்தாலிய ஓவியர்களைப் பற்றியது. அட்டை கிழிந்து, முதுகில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. நாக்பூரில் ஒரு பள்ளியில் அவள் டிராயிங் டீச்சராக இருந்த 31 ஆண்டுகளும், மறுமலர்ச்சிக் கால ஓவியம் என்றால் அவளுடைய மாணவர்களுக்கு இந்தப் புத்தகம்தான். பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்கள். நடுவே எட்டுப் பக்கம் மட்டும் கலர். அதுவும் காபி டிகாக்ஷனில் முக்கி எடுத்த மாதிரி எல்லாமே பழுப்பு.

2018 அக்டோபரில், பொலோன்யாவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த எங்கள் மகளைப் பார்க்கப் போயிருந்தோம். ஊர் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போதுதான் ஃப்ளாரன்ஸுக்கு ஒரு வியாழக்கிழமை கிடைத்தது. வேக ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அந்த நேரத்துக்குள் ஆளுக்கொரு பட்டியல் போட்டோம். என் பட்டியலில் இரண்டே பெயர்கள்: மைக்கலாஞ்சலோவின் டேவிட், உஃபீட்சி காட்சிக்கூடத்தில் இருக்கும் போட்டிசெல்லியின் வீனஸ். திரும்பிப் போனால் நாலு பேர் கேட்கப்போவது இந்த இரண்டையும்தானே! அவள் பட்டியலில் பதினொன்று இருந்தன. கடைசிப் பெயருக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு. மசாச்சோ.

முதலில் சான் மார்க்கோ. 1437க்குப் பிறகு, மெடிச்சி குடும்பத்து கோசிமோவின் பணத்தில் புதுப்பித்துக் கட்டப்பட்ட டொமினிக்கன் துறவிகளின் மடம் இது. வட்டித் தொழிலில் சேர்த்த பணத்தின் பாவம் கழியத்தான் அவர் இதைச் செய்தார் என்பார்கள். மாடிப்படி ஏறி, பாதியில் திரும்பித் தலையை நிமிர்த்தினால் எதிரே சுவரில் மரியாளுக்கு வானதூதர் மங்கள வார்த்தை சொல்லும் காட்சி. வரைந்தவர் அந்த மடத்துத் துறவியான ஃப்ரா ஆஞ்செலிக்கோ. புத்தகத்தில் அரைப் பக்கம் வந்திருந்த படம். அங்கே அது தனியாகத் தொங்கும் ஒரு சித்திரம். இங்கே படியேறி வருகிறவனை நிறுத்தி வைக்கும் வேலையைச் செய்கிறது.

மேலே நாற்பதுக்கும் அதிகமான சிற்றறைகள். கட்டில் போட்டால் நடக்க இடமிருக்காத அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சுவரோவியம், அங்கே தங்கிய துறவிக்காக மட்டும். ஏழாம் அறையில் கண்ணைக் கட்டி உட்கார வைக்கப்பட்டிருக்கிறார் ஏசு. அவரைச் சுற்றி, உடம்பே இல்லாத கைகள் அந்தரத்தில் மிதந்து அறைகின்றன. துப்புவதற்கு ஒரு தலை மட்டும் வந்திருக்கிறது. 1440களில் இப்படி ஒருவர் யோசித்திருக்கிறார்! “இது கூட்டத்துக்குன்னு போட்டது இல்லைங்க. ஒரே ஒருத்தருக்கு” என்றாள் என் மனைவி, ரகசியம் போல. அரை மணி நேரம் ஒதுக்கிய இடத்தில் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது.

அடுத்த தவறு என்னுடையது. டேவிட் இருக்கும் அக்காதெமியா அடுத்த தெருதான். டேவிட் எங்கே ஓடிவிடப் போகிறான் என்ற மெத்தனத்தில் நான் முன்பதிவு செய்யவில்லை. வரிசை தெரு முனையைத் தாண்டி வளைந்து நின்றது. இரண்டு மணி நேரம் நின்றோம். முழங்கால் வலியோடு அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். “உங்களுக்கு டேவிட் வேணும்னா நிக்கலாம். ஆனா மத்தியானம் மசாச்சோதான். இப்பவே சொல்லிட்டேன்.” எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

டேவிட் 17 அடி உயரம். வேறு சிற்பிகள் தொட்டுப் பார்த்துக் கைவிட்ட சலவைக்கல். பல்லாண்டுகள் சும்மா கிடந்தது. 1501இல் 26 வயது மைக்கலாஞ்சலோ அதை எடுத்து 1504க்குள் முடித்தார். பேராலயத்தின் மேலே நிறுத்துவதற்காகச் செதுக்கியதை அரண்மனை வாசலில் நிறுத்தினார்கள். 1873இல்தான் வெயில் மழையிலிருந்து உள்ளே வந்தான். 1991இல் ஒருவன் சுத்தியலால் இடது கால் விரலை உடைத்தான். இதெல்லாம் எனக்குப் பிரமாதமாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் மனைவி இல்லை. டேவிடுக்குப் போகும் வழியில் இருபுறமும், கல்லிலிருந்து பாதி வெளியே வந்த ‘கைதிகள்’ நிற்கிறார்கள். போப் இரண்டாம் ஜூலியஸின் கல்லறைக்காகத் தொடங்கி முடிக்காமல் விட்டவை. அவற்றில் ஒன்றின் தொடைக்கு அருகே குனிந்து, பல் வைத்த உளியின் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். “முடிச்ச சிலையில வேலை தெரியாது. இதுல தெரியுது பாருங்க.”

பேராலயத்தின் எதிரே ஞானஸ்நான மண்டபம். அதன் கிழக்கு வாசலில் பொன் கதவுகளுக்கு முன்னால் நூறு கேமராக்கள். பாவம், அவர்கள் எடுப்பது நகல். லோரென்சோ கிபெர்ட்டி 1425 முதல் 1452 வரை 27 ஆண்டுகள் உழைத்த அசல் கதவுகள் பேராலயத்தின் பின்புறமுள்ள அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு பொங்கி ஊருக்குள் புகுந்தபோது வெள்ளம் கதவை மோதித் திறந்து, பத்துப் பலகைகளில் சிலவற்றைப் பிய்த்துப் போட்டது. நல்லவேளை, அவை கிடைத்துவிட்டன. கதவின் சட்டத்தில் சின்னஞ்சிறு தலைகள். ஒன்று வழுக்கை, லேசான புன்சிரிப்பு. அது கிபெர்ட்டியே.

அதே கட்டடத்தில் தொனாத்தெல்லோ மரத்தில் செதுக்கிய மகதலேனா மரியாள் நிற்கிறாள். பட்டினியில் வற்றி, தலைமுடியையே ஆடையாகப் போர்த்திய கிழவி. புத்தகத்தில் இவள் கறுத்த மரக்கட்டை. வெள்ளத்தில் நனைந்தவளைச் சுத்தம் செய்தபோது பிற்காலத்தில் பூசிய பழுப்புப் பூச்சு அகன்றது. அடியில் தோலின் நிறமும், முடியில் பொன் ரேகைகளும் இருந்தன. புத்தகத்தைத் திறந்து பார்த்த மனைவி ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்தாள். முகம் கொஞ்சம் மாறியிருந்தது.

சாப்பாட்டு மேஜையில் சண்டை. மணி இரண்டு. உஃபீட்சியா, ஆற்றுக்கு அக்கரையில் மசாச்சோவா? இரண்டுக்கும் நேரமில்லை. மெடிச்சி வம்சத்தின் கடைசி வாரிசான அன்னா மரியா லூயிசா, குடும்பச் சொத்தான கலைப் பொருள்கள் எதுவும் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று 1737இல் ஒப்பந்தம் எழுதி வைத்துவிட்டுப் போனார். அத்தனையையும் மிச்சமிருக்கும் அரைநாளில் பார்ப்பதாக நான் வாதாடினேன். “வரிசையில நின்ன ரெண்டு மணி நேரம்தாங்க உங்க உஃபீட்சி” என்றாள். மறுக்க முடியவில்லை.

சாந்தா திரினிதா பாலத்தில் ஆற்றைக் கடந்தோம். 1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மன் படை வெடி வைத்துத் தகர்த்த பாலங்களில் ஒன்று. ஆற்றுக்குள் கிடந்த கற்களையே பொறுக்கி எடுத்துப் பழையபடி கட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சாந்தா மரியா தெல் கார்மினே தேவாலயம். முகப்பு பூசப்படாத வெறும் கல்சுவர். 1771இல் தீப்பிடித்து உள்ளே பெரும்பகுதி எரிந்தபோது, வலது மூலையிலிருக்கும் பிரான்காச்சி சிற்றாலயம் தப்பியது. ஒரு நேரத்தில் சிறு கூட்டத்தை மட்டும், அதுவும் அளந்த நேரத்துக்குத்தான் உள்ளே விடுகிறார்கள்.

1420களில் இங்கே வரையத் தொடங்கியவர்கள் இருவர்: மூத்தவரான மசோலினோ, இளையவரான மசாச்சோ. வேலை முடியுமுன் மசாச்சோ ரோமுக்குப் போய் 1428இல் இறந்துபோனார். வயது 26. மிச்சத்தை அரை நூற்றாண்டு கழித்து ஃபிலிப்பினோ லிப்பி முடித்தார். அடுத்த தலைமுறை ஓவியர்களுக்கு இதுதான் பள்ளிக்கூடம். சிறுவன் மைக்கலாஞ்சலோ இங்கே படம் பார்த்து வரையப் பழகியபோதுதான், கூடப் படித்தவன் குத்தி மூக்கு உடைந்தது என்கிறார்கள்.

ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல், அது காய்வதற்குள் வரைய வேண்டும். அன்றைக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு இடத்துக்கு மட்டும் காலையில் பூசிக்கொள்வார்கள். காய்ந்துவிட்டால் நிறம் சுவரோடு ஒன்றாகிவிடும். அப்புறம் திருத்த முடியாது. மாணவர்களை அஜந்தாவுக்கு அழைத்துப் போய்ப் பழகியவள் என் மனைவி. அங்கே பூச்சு காய்ந்தபின் வரைந்தது, சமாசாரமே வேறு. ஒரு நாள் வேலையும் மறுநாள் வேலையும் சேரும் கோட்டை இங்கே சுவரில் தேடிக் கண்டுபிடித்துக் காட்டினாள். வரி கேட்ட கதையின் ஓவியத்தில் பேதுருவின் காலடியில் விழும் நிழலையும் காட்டினாள். சிற்றாலயத்தின் நிஜ ஜன்னலிலிருந்து வரும் வெளிச்சத்துக்குத்தான் ஓவியத்து நிழலும் கணக்காக விழுகிறது.

அப்புறம் இடதுபுறம், வாசல் தூணின் மேல்பகுதிக்குத் திரும்பினாள். ஏதேன் தோட்டத்திலிருந்து விரட்டப்படும் ஆதாமும் ஏவாளும். ஆதாம் இரு கையாலும் முகத்தைப் பொத்தியிருக்கிறான். ஏவாள் கைகளால் உடம்பை மறைத்து, வாய் திறந்து ஓலமிடுகிறாள்.

“இலையே இல்லையே!” என்றாள் என் மனைவி. பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

புத்தகத்தில் இருவர் இடுப்பிலும் இலைக்கொத்து உண்டு. மசாச்சோ வரைந்து இரண்டரை நூற்றாண்டு கழித்து, 1680 வாக்கில், மானம் காக்க யாரோ சேர்த்த இலைகள் அவை. 1980களில் நடந்த சுத்திகரிப்பில் மெழுகுவத்திப் புகையும் தீயின் கரியும் போனபோது இலைகளும் போயின. டிகாக்ஷன் நிறமும் போய், நீலமும் ரோஜாவும் சிவப்புமாகச் சுவர் பளிச்சென்று நிற்கிறது. அவளுடைய புத்தகம் அதற்கு முன்னால் அச்சானது.

எங்கள் முறை முடிந்து வெளியே முற்றத்தில் உட்கார்ந்தபோதுதான் சொன்னாள். எட்டாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து கேட்டானாம்: “டீச்சர், இலை கட்டியிருக்கும்போது ஏவாள் எதுக்குக் கையாலயும் மறைக்கிறா?” வகுப்பு முழுவதும் சிரித்தது. அவன் கேலி செய்வதாக நினைத்து, உட்காரச் சொல்லி அதட்டினாளாம். “அவன் ஒருத்தன்தாங்க படத்தைச் சரியாப் பார்த்தான். நான் இலையையே 31 வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கேன்.” அதற்கு நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அவள் காதில் விழவில்லை.

ரயிலுக்கு முன் கடைசியாக ஒன்று. நிலையத்துக்கு எதிரிலேயே சாந்தா மரியா நொவெல்லா தேவாலயம். மூடுவதற்கு அரை மணி நேரம்தான் இருந்தது. உள்ளே இடப்பக்கச் சுவரில் மசாச்சோவின் ‘திருத்துவம்’. சுமார் 22 அடி உயரம். தொலைவில் போகப்போகக் கோடுகள் ஒரே புள்ளியில் சேரும் கணக்கை முழுமையாகப் பின்பற்றி வரைந்து, இன்று நம்மிடம் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ஓவியங்களில் ஒன்று. சுவரைக் குடைந்து அந்தப் பக்கம் ஒரு மண்டபம் கட்டிய மாதிரி இருக்கிறது. இதே கணக்கைத்தான் அவள் கரும்பலகையில் தண்டவாளமும் தந்திக் கம்பமும் போட்டு விளக்குவாள். இந்த ஓவியத்தைப் புத்தகம் எழுதிப் புகழ்ந்த வசாரியே, 1570 வாக்கில் இதற்கு முன்னால் ஒரு பலிபீடத்தை எழுப்பி இதை மறைத்தார். 1860 வாக்கில் அதை நகர்த்தியபோது பின்னால் ஓவியம் அழியாமல் இருந்தது. அடியிலிருக்கும் எலும்புக்கூடு இன்னும் தாமதமாகத்தான் தெரியவந்தது. 1952இல் இரண்டையும் சேர்த்தார்கள்.

அவள் பின்னால் நகர்ந்து, முன்னால் வந்து, மறுபடி நகர்ந்து ஓரிடத்தில் நின்றாள். “இங்க வந்து நில்லுங்க. கோடெல்லாம் சேர்ற இடம் உங்க கண்ணுக்கு நேரா வரும்.” வந்தது. காவலர் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே எங்களுக்குப் பின்னால் நின்றார்.

ரயிலில் அவள் பென்சிலை எடுத்தாள். பழுப்புப் படத்தின் ஓரத்தில் “இலை பிற்பாடு சேர்த்தது” என்று எழுதி, கீழே தேதி போட்டாள். போட்டிசெல்லியைப் பார்க்காதது பற்றி நான் இரண்டு முறை பெருமூச்சு விட்டேன், கண்டுகொள்ளவில்லை. பொலோன்யா நெருங்கும்போது கேட்டாள்: “அந்தப் பையன் பேர் என்ன? வீட்டுக்குக்கூட ஒரு தடவை வந்திருக்கான், உங்களுக்கு ஞாபகம் இருக்கா? ரெண்டாவது பெஞ்ச், ஜன்னல் ஓரம்.”