விராலின் மூச்சும் புளியின் வேலையும்

பூந்தமல்லிக்குத் தென்மேற்கே, செம்பரம்பாக்கம் ஏரியில் விரால் பிடிக்கத் தெரிந்தவர் கரைக்கு வந்ததும் தூண்டிலை எடுப்பதில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பார். எங்கோ ஒரு சுழிப்பு, இரண்டு குமிழி. விரால் மேலே வந்து காற்றை விழுங்கிப் போன தடம் அது.

மீனுக்குக் காற்று எதற்கு? விராலின் தலைக்குள், செவுள்களுக்கு மேலே, ரத்த நாளங்கள் அடர்ந்த காற்றறை ஒன்று இருக்கிறது. செவுள் மட்டும் அதற்குப் போதாது. மேலே வரவிடாமல் தடுத்துவிட்டால், விரால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும்!

இந்த ஏற்பாட்டின் லாபம் கோடையில் தெரியும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அதிகம் போனால் 7 அல்லது 8 மில்லிகிராம். ஒரு லிட்டர் காற்றிலோ சுமார் 270. ஏரி வற்றிக் குட்டையாகும்போது மற்ற மீன்கள் திணற, விரால் சேற்றில் புதைந்து மழைக்குக் காத்திருக்கும். மழை இறங்கியதும் ஈரத் தரையில் நெளிந்தே பக்கத்து நீர்நிலைக்குப் போய்விடும். சந்தையில் அதை உயிரோடு விற்க முடிவதும் இந்தக் காற்றறையின் தயவில்தான்.

கலங்கிய நீரில் அது இரையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? மீனின் விலாவில் நீளவாக்கில் ஓடும் மெல்லிய கோட்டைக் கவனித்திருப்பீர்கள். அது பக்கக்கோடு, நீரின் அசைவை உணரும் நுண்மயிர்ச் செல்களின் வரிசை. தவளையை மாட்டிய தூண்டிலை அல்லி இலைகளுக்கிடையே துள்ளத் துள்ள இழுப்பது அந்தக் கோட்டுக்கு அனுப்பும் செய்தி. நீர்மட்டத்தில் செம்மஞ்சள் குஞ்சுகள் திரளாக அலைந்தால், அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கின்றன என்று பொருள். அப்போது எதை வீசினாலும் பாய்ந்து வந்து கடிக்கும். பெரியவற்றைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும். அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவதே நியாயம்.

பிடித்த விராலைக் கல் உப்பும் சாம்பலும் போட்டுச் சொரசொரப்பான கல்லில் உரசுவார்கள். கிருமிகளைத் தடுக்க மீன் பூசிக்கொண்டிருக்கும் வழுவழுப்பு அப்படித்தான் போகும். ஆனால் சதைக்குள் இருக்கும் சேற்று வாடை உரசினால் போகாது.

அந்த வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின். ஏரியின் நீலப்பச்சைப் பாசியும் சில மண் பாக்டீரியாக்களும் உண்டாக்கும் வேதிப்பொருள் இது. செவுள் வழியாக நுழைந்து மீனின் கொழுப்பில் தங்கிவிடுகிறது. முதல் மழையில் நாம் ஆசையாக முகரும் மண்வாசனையும் இதே பொருளால்தான்! நம் மூக்கு இதற்கு அசாத்தியக் கூர்மை கொண்டது. ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் 10 கோடியில் ஒரு பங்கு கலந்திருந்தாலே பலருக்குத் தெரிந்துவிடும். செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, அதாவது பத்தாயிரம் கோடி லிட்டருக்கும் மேல். அத்தனை தண்ணீரும் மண்வாடை வீச ஏறத்தாழ 1 கிலோ ஜியோஸ்மின் போதும்.

இதை வெல்ல இரண்டு வழிகள். பிடித்த விராலைச் சில நாள் நல்ல தண்ணீரில் உயிரோடு விட்டுவைத்தால், ஜியோஸ்மின் மெல்ல வெளியேறும். இரண்டாவது வழி புளி. அதிலுள்ள டார்டாரிக் அமிலம் ஜியோஸ்மினை வாசனையற்ற வேறொரு பொருளாக உருமாற்ற உதவுகிறது. ஏரி மீன் குழம்புக்குப் புளியைத் தாராளமாகக் கரைப்பது நாக்குக்காக மட்டுமல்ல.

குழம்பு கொதித்தபின் மீனைப் போட்டுச் சில நிமிடங்களில் இறக்குகிறோமே, அதற்கும் காரணம் உண்டு. மீன் சதை, புத்தகத் தாள்களைப் போல அடுக்கடுக்காக இருக்கிறது. அடுக்குகளை ஒட்டிவைப்பது கொலாஜன் என்ற புரதம். ஆட்டுக்கறியில் அது இளக 60, 70 டிகிரிக்கு மேல் நெடுநேரம் வேக வேண்டும். மீனிலோ 50 டிகிரியைத் தாண்டியதுமே கரையத் தொடங்கிவிடும்; அதிக நேரம் கொதித்தால் அடுக்குகள் பிரிந்து மீன் உதிர்ந்துவிடும். கரைந்த கொலாஜன் குழம்பில் இறங்கி, ஆறியதும் அதைக் கெட்டியாக்கும். மறுநாள் மீன்குழம்பின் ருசியில் இதற்கும் பங்குண்டு.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஏரி முழுவதிலும் கலந்த 1 கிலோ ஜியோஸ்மினைக் கண்டுபிடிக்கும் மூக்குக்கு, மீன் சதையில் சேர்ந்திருக்கும் ஈயமோ பாதரசமோ தெரியாது. அவற்றைப் புளியும் நீக்காது, கொதியும் நீக்காது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் ஏரிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் விராலும் இருக்கிறது. ஆலைக் கழிவும் சாக்கடையும் சேரும் நீரில் பிடித்ததைச் சமைக்கக் கூடாது. அந்தக் கழிவை ஏரிக்குள் வரவிடாமல் தடுப்பதும் மீன்குழம்பின் செய்முறையில் ஒரு படிதான். அதுதான் முதல் படி.