உஷ்ண பம்பு: அமைக்கும் செலவும் நடத்தும் செலவும்

குளிர் தேசங்களில் வீடுகளைச் சூடாக வைத்தற்கு உஷ்ண பம்பு என்னும் யந்திரம் உபயோகிக்கப்படுகிறது. கிணற்றுப் பம்பு தண்ணீரை உண்டாக்குவதில்லை. கீழே உள்ளதை மேலேற்றுகிறது. அவ்வாறே இதுவும் வெளிக்காற்றிலுள்ள உஷ்ணத்தை இழுத்து வீட்டினுள் சேர்க்கிறது. ஆகையால் ஒரு யூனிட் மின்சாரத்திற்கு மூன்று யூனிட் வரை உஷ்ணம் கிடைக்கும். செவ்வையாக அமைத்தால் நான்கும் கிடைக்கலாம்.

பிரிட்டனில் இதனை அமைக்கச் சாதாரணமாக 10,000 பவுனுக்கு மேற்படும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 மே முதல் 5,000 பவுனாயிருந்த சர்க்கார் மான்யம், 2023 அக்டோபரில் 7,500 பவுனாக உயர்த்தப்பட்டது. மான்யத்தினால் முதற்செலவு குறையும். நடத்தும் செலவு குறையுமென்பது நிச்சயமன்று.

2024-ம் வருஷக் கடைசி மூன்று மாதங்களில் அங்கே வீட்டு மின்சாரத்தின் சராசரி உச்ச விலை யூனிட்டுக்கு 24.5 பென்ஸ், எரிவாயுவுக்கு 6.24 பென்ஸ். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு பலன் தரும் வாயு பாய்லரில் ஒரு யூனிட் உஷ்ணத்திற்குச் சுமார் 6.9 பென்ஸ் ஆகும். மூன்று மடங்கு தரும் பம்பில் 8.2 பென்ஸ்; நான்கு மடங்கு தருவதில் 6.1 பென்ஸ்.

இவ்வித்தியாசம் பெரும்பாலும் அமைப்பைப் பொறுத்தது. சுவர், கூரை வழியே உஷ்ணம் வெளியேறாமல் தடுத்து, அறைகளில் உஷ்ணம் பரப்பும் தகடுகளைப் பெரியனவாக வைத்தால், அவற்றில் ஓடும் நீர் மிதமான சூட்டிலிருந்தாலே போதும். ஆழமற்ற கிணற்றில் இறைப்புச் செலவு குறைவது போலவே, வெளிக்காற்றுக்கும் அந்நீருக்குமுள்ள சூட்டு வித்தியாசம் குறைந்தால் பம்பின் செலவும் குறையும்.

மான்யத்தில் கிடைக்கும் எந்த யந்திரத்திற்கும் இது பொருந்தும். வாங்குமுன் வருஷாந்தரச் செலவையும் கணக்கிட்டறிதல் வேண்டும்.