ஒரு சொல், இரு பொருள்

பள்ளியில் சேரும்போது நிரப்பும் ஆங்கில விண்ணப்பத்தில், தந்தையின் ‘ஆக்குபேஷன்’ என்ன என்று கேட்டிருப்பார்கள். உழவு, நெசவு, ஆசிரியப்பணி என்று நாம் எழுதுவோம். ஆங்கில வரலாற்று நூலிலோ, 1942 முதல் 1945 வரை மலாயாவில் ‘ஜப்பானிய ஆக்குபேஷன்’ இருந்தது என்று காண்கிறோம். இங்கே ‘ஜப்பானியரின் தொழில்’ என்று மொழிபெயர்த்தால் நகைப்புக்கு இடமாகும். ஒரு நாட்டின் படை பிறர் நிலத்தைப் பிடித்துத் தன் ஆணையின்கீழ் வைத்திருப்பதே இங்கே பொருள்.

இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் எவ்வாறு வந்தன? இதன் மூலம் ‘ஒக்குபாரே’ என்னும் இலத்தீன் சொல். பற்றிக்கொள்ளுதல், பிடித்துக்கொள்ளுதல் என்பது அதன் பொருள். பேருந்தில் கைக்குட்டையைப் போட்டு நாம் இடம் பிடிப்பதில்லையா? அதுபோல நம் நேரத்தையும் கருத்தையும் பிடித்துக்கொள்வது தொழில். பிறர் மண்ணைப் பிடித்துக்கொள்வது ஆக்கிரமிப்பு.

நம் உத்திரமேரூர்ப் பகுதியும் படை பிடித்த மண்தான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில், குடவோலை முறையை நம் ஊர்க் கோயிற் சுவரில் பொறித்தனர். 949-இல் தக்கோலப் போரில் அவன் மகன் இராசாதித்தன் உயிர் துறந்தான். வென்ற இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் கைக்குத் தொண்டை மண்டலம் சென்றது. ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட’ என்பது கல்வெட்டுகளில் அவனுக்குள்ள பட்டம். கச்சி என்பது காஞ்சிபுரம். ‘கொண்ட’ என்றால் கைப்பற்றிய என்று பொருள். ஆங்கிலச் சொல்லின் இரண்டாம் பொருளை நம் முன்னோர் இவ்வொரு சொல்லில் அடக்கிவிட்டனர்.

மலாயாவிலோ இவ்விரு பொருளும் ஒரே மனிதர் வாழ்வில் மோதின. நம் தமிழ் மக்கள் பலர் தொழில் தேடிக் கடல் கடந்து, அங்குள்ள இரப்பர்த் தோட்டங்களில் உழைத்து வந்தனர். ஆக்கிரமிப்பு வந்ததும், அவர்களுள் பலரைச் சயாம்–பர்மா இரயில் பாதை போடக் கொண்டு சென்றனர். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943-இல் முடிந்தது. அதற்குள் நோயாலும் பசியாலும் தொழிலாளர் பல்லாயிரவர் மாண்டனர். அவர்களுள் தமிழர் மிகப் பலர். பிழைப்புக்குச் சென்றவரின் உழைப்பையும் உயிரையுமே படை பிடித்துக்கொண்டது.

ஆகவே, தோழியரே, இச்சொல்லைக் கண்டதும் அகராதியின் முதற்பொருளோடு நின்றுவிட வேண்டாம். அருகில் நிற்கும் சொற்களையும் பாருங்கள். ஒருவரின் பிழைப்பைப் பற்றிய பேச்சானால் தொழில். படையும் நிலமும் வந்தால் ஆக்கிரமிப்பு. தமிழ் இவ்விரண்டையும் வெவ்வேறு சொற்களால் குறிக்கிறது. மொழிபெயர்க்கும் நாம் அவற்றை மாற்றி எழுதினால், மாண்டவர்களின் துயரமே மறைந்துபோகும்.