சுழலும் எண்ணங்களும் சோரும் உள்ளமும்

மனச்சோர்வுற்றவரை 'ஈமான் குன்றியவர்' எனக் கடிந்துகொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. கி.பி. 934இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ இந்நோயை வேறு விதமாக அணுகினார். 'மஸாலிஹுல் அப்தானி வல் அன்ஃபுஸ்' என்னும் நூலில் துயரத்தை இரண்டாகப் பகுத்தார்: காரணம் தெரிந்தது ஒன்று, காரணம் புலப்படாது உடலினின்று எழுவது மற்றொன்று. பின்னதற்கு உடல் மருத்துவத்தையும், முன்னதற்கு நல்லெண்ணங்களையும் பரிந்துரைத்தார். மருந்தை முன்கூட்டியே சேமிப்பதுபோல், உள்ளம் அமைதியுற்றிருக்கும்போதே அவ்வெண்ணங்களைத் திரட்டி வைக்கவேண்டும் என்றார்.

இதனையொத்த வழியை 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் (1921-2021) கண்டார். தன்னை இழிவாகவும், உலகைப் பகையாகவும், வருங்காலத்தை இருளாகவும் காணும் எண்ணங்கள் அவருடைய நோயாளிகளிடம் மிகுந்திருந்தன.

இவ்வெண்ணங்கள் நோயின் விளைவு மட்டும்தானா? 1989 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் நிலநடுக்கம் நேர்ந்தது. அதற்கு இரு வாரங்கள் முன்பே, உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்ஸிமா ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களின் மனப்போக்கை அளந்திருந்தார். துயரத்தையே அசைபோடும் இயல்புடையோரிடம், ஏழு வாரங்களுக்குப் பின்னரும் சோர்வு மிகுந்து காணப்பட்டது. முன்னமே இருந்த சோர்வைக் கழித்துப் பார்த்த பின்னரும் இம்முடிவு மாறவில்லை.

ஆயினும் எண்ணப்போக்கு ஓர் இடர்க்காரணியே, தீர்ப்பன்று. மரபும் உடல்நிலையும் வாழ்வின் இழப்புகளும் அதனுடன் சேர்கின்றன. பழகிப்போன எண்ணத்தைப் பயிற்சியால் மாற்றவும் இயலும். எனவே சோர்ந்தவரின் ஈமானை விசாரணை செய்யாது, அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே நம் கடமை. 'நான் பாவி, எனக்கு மீட்சியில்லை' என்று ஏற்கெனவே தன்னை வருத்திக்கொண்டிருப்பவரிடம் நாமும் அதையே சொல்வது, அவருடைய நோய்க்குத் துணைநிற்பதாகும்.